ஸ்போர்ட்ஸ் காரில் கிளட்ச் சத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளட்ச் பெடலில் கால் வைத்ததும் ஒரு கீச்சொலி, அல்லது நின்றுகொண்டிருக்கும்போது அடியிலிருந்து ஒரு கடகடப்பு. கேட்ட மாத்திரத்தில் "கிளட்ச் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். ஸ்போர்ட்ஸ் காரில் கியர்பாக்ஸை இறக்குவது பெரிய வேலை. இன்ஜின் நடுவிலோ பின்னாலோ இருக்கும் காரில் இன்னும் பெரிய வேலை. ஸ்பானரை எடுக்கும் முன் காதால் செய்ய வேண்டிய சோதனைகள் இருக்கின்றன. இந்தப் பக்கத்தின் பெரும்பகுதி அவற்றைப் பற்றியதுதான். பதில்கள் மூன்று பெடல் உள்ள கார்களுக்கானவை. கிளட்ச் பெடலே இல்லாத இரட்டைக் கிளட்ச் தானியங்கி கார்களுக்குத் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

சத்தம் எந்தப் பாகத்திலிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சத்தம் எப்படி ஒலிக்கிறது என்பதைவிட, பெடல் எந்த நிலையில் இருக்கும்போது வருகிறது என்பதுதான் முக்கியம். ஒருவர் கிறீச் என்பதை இன்னொருவர் சிணுங்கல் என்பார். பெடலின் நிலையில் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

காரைச் சமதளத்தில், திறந்த வெளியில் நிறுத்துங்கள். மூடிய கொட்டகைக்குள் இன்ஜினை ஓடவிட்டுச் சோதிக்கவே கூடாது; புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். ஹேண்ட்பிரேக்கை இழுத்து, நியூட்ரலில் வைத்து, ஏசியை அணைத்துவிடுங்கள். இப்போது நான்கு நிலைகளில் காது கொடுங்கள்.

முதல் நிலையில் கால் பெடலைத் தொடவே கூடாது. அப்போது இன்ஜினோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீல், கிளட்ச் பிளேட், அதை ஃப்ளைவீலோடு சேர்த்து அழுத்தும் பிரஷர் பிளேட், சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குள் கொண்டுசெல்லும் இன்புட் ஷாஃப்ட் நான்கும் ஒன்றாகச் சுழல்கின்றன. அடுத்து, விரலால் அழுத்துவதுபோல் பெடலை லேசாக மட்டும் தொடுங்கள். பெடலின் அழுத்தத்தைப் பிரஷர் பிளேட்டுக்குக் கொண்டுசெல்லும் ரிலீஸ் பேரிங்கின் மேல் சிறிது சுமை ஏறும். மூன்றாவதாக முழுவதும் மிதியுங்கள். ரிலீஸ் பேரிங் முழுச் சுமையைத் தாங்கும், இன்புட் ஷாஃப்ட் வேகம் குறைந்து நிற்கத் தொடங்கும். கடைசியாக, பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, கிளட்சை விடாமலே முதல் கியரைப் போடுங்கள். இன்புட் ஷாஃப்ட் அறவே நின்றுவிடும். அதன் முனையைத் தாங்கும் பைலட் பேரிங்கில்தான் இப்போது சுழற்சி வேறுபாடு மிக அதிகம்.

முதல் நிலையில் இருந்து, மிதித்ததும் மறையும் சத்தம் கியர்பாக்ஸ் பக்கத்தைச் சேர்ந்தது. தொட்டதும் தொடங்கி, அழுத்த அழுத்தக் கூடும் சத்தம் ரிலீஸ் பேரிங்கினுடையது. மிதித்து, கியர் போட்டபின் எடுப்பாகக் கேட்டால் பைலட் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும்.

இதைக் குளிர்ந்த இன்ஜினில் ஒருமுறையும், நன்றாக ஓட்டிச் சூடேற்றியபின் ஒருமுறையும் செய்யுங்கள். காய்ந்துபோன பைலட் பேரிங் குளிரில் கத்திவிட்டுச் சூடானதும் அடங்குவது உண்டு. கியர் கடகடப்பு இதற்கு நேர்மாறு: ஆயில் சூடாகி நீர்த்தால்தான் உரக்கக் கேட்கும். ஒரே ஒருமுறை கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்பவரிடம் காரை ஒப்படைக்காதீர்கள்.

பெடலை மிதிக்கும்போது மட்டும் கரகரவென்றோ கிறீச்சென்றோ வருகிறது. ரிலீஸ் பேரிங்தானா?

பெரும்பாலும் ஆம். பெடலை மிதிக்கும்போது இந்த பேரிங்தான் பிரஷர் பிளேட்டின் டயஃப்ரம் ஸ்பிரிங் விரல்களை உள்ளே தள்ளுகிறது. அதன் ஒரு வளையம் அசையாமல் நிற்க, மற்றொன்று இன்ஜின் வேகத்திலேயே சுழல வேண்டும். ஹோண்டா எஸ்2000 காரின் முதல் வடிவம் நிமிடத்துக்கு 9000 சுற்றுவரை போகும். அந்த உச்சியில் கியர் மாற்றினால் பேரிங் அந்தக் கணத்தில் நொடிக்கு 150 சுற்று சுழல்கிறது, அதுவும் சாதாரணக் காரைவிடக் கடினமான ஸ்பிரிங்கின் எதிர்ப்பைத் தாங்கிக்கொண்டு. உள்ளே இருக்கும் கிரீஸ் காய்ந்துவிட்டால் அது முனகத் தொடங்குவதில் வியப்பில்லை.

தொடக்கத்தில் மெல்லிய இரைச்சலாக இருக்கும். நாள்பட, மணல் அரைபடுவதுபோல் கரகரக்கும். பெடலின் மேல் காலை வைத்தபடியே ஓட்டுவதும், சிவப்பு விளக்கில் கியரில் போட்டு மிதித்தபடியே காத்திருப்பதும் இதன் ஆயுளைக் குறைக்கும் பழக்கங்கள். நிற்கும்போது நியூட்ரலுக்கு மாற்றிக் காலை எடுத்துவிடுங்கள்.

எனக்கு நேர்மாறாக இருக்கிறது. கார் நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும்போது, அதாவது ஐட்லிங்கில், கீச்கீச்சென்று கேட்கிறது. பெடலில் லேசாகக் கால் வைத்தால் நின்றுவிடுகிறது.

இதற்கும் ரிலீஸ் பேரிங் காரணமாகலாம். பழைய அமைப்புகளில் பெடலை விட்டதும் பேரிங் ஸ்பிரிங்கை விட்டு விலகி நிற்கும். இன்றைய ஹைட்ராலிக் அமைப்புகள் பலவற்றில் அது எப்போதும் விரல்களை ஒட்டியபடியே சுற்றிக்கொண்டிருக்கும். ஒட்டும் அழுத்தம் போதாமல் போனால், பேரிங் சரியாகச் சுழலாமல் வழுக்கி வழுக்கி உரசும். இன்ஜின் வேகத்துக்கு ஏற்பக் கூடிக் குறையும் அந்தக் கீச்சொலி, லேசான சுமை ஏறியதும் நின்றுவிடும். பேரிங்கைத் தள்ளும் நெம்புகோலான ஃபோர்க்கைத் தாங்கும் உருண்டை தேய்ந்திருந்தாலும், பேரிங்கைப் பிடிக்கும் கிளிப் தளர்ந்திருந்தாலும் இதே அறிகுறிதான்.

எரிச்சலூட்டும் சத்தம், ஆனால் அவசரம் இல்லை. ஒலி மாறுகிறதா என்று மட்டும் கவனித்து வாருங்கள்.

நியூட்ரலில் கடகடவென்று ஆடுகிறது, கிளட்சை மிதித்ததும் அமைதியாகிவிடுகிறது. கியர்பாக்ஸ் உடையப் போகிறதா?

ஸ்போர்ட்ஸ் கார் உரிமையாளர்களை அதிகம் பயமுறுத்துவதும், அவர்களை அதிகம் வீண் செலவு செய்ய வைப்பதும் இந்தச் சத்தம்தான். அதனால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்ஜின் ஒரே சீராகச் சுழல்வதில்லை. நான்கு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு இருமுறை வெடிக்கிறது. ஐட்லிங் 800 சுற்று என்றால் நொடிக்கு ஏறத்தாழ 27 வெடிப்பு. ஒவ்வொரு வெடிப்பிலும் கிராங்க் ஷாஃப்ட் ஒரு துளி முந்துகிறது, அடுத்த வெடிப்புக்குள் ஒரு துளி பிந்துகிறது. நியூட்ரலில் கிளட்ச் ஒட்டியிருக்கும்போது இந்த உதறல் இன்புட் ஷாஃப்ட் வழியாக, சுமை ஏதுமின்றிச் சுழலும் கியர்களுக்குப் போய்ச் சேருகிறது. பற்களுக்கிடையே இருக்க வேண்டிய சிறு இடைவெளியில் அவை முன்னும் பின்னும் தட்டிக்கொள்கின்றன. அந்தத் தட்டல்தான் நீங்கள் கேட்கும் கடகடப்பு. கிளட்சை மிதித்தால் தொடர்பு அறுகிறது, சத்தமும் நிற்கிறது.

இந்த உதறலை விழுங்குவதற்குக் கனமான ஃப்ளைவீல், நடுவே ஸ்பிரிங் வைத்து இரண்டு துண்டாகச் செய்த இரட்டை நிறை ஃப்ளைவீல், கிளட்ச் பிளேட்டின் நடுவிலுள்ள ஸ்பிரிங்குகள் ஆகியவை இருக்கின்றன. ஸ்போர்ட்ஸ் காரில் இன்ஜின் சட்டென்று சுற்று ஏற வேண்டும் என்பதற்காக அந்த எடையைத்தான் முதலில் குறைக்கிறார்கள். போர்ஷே 964 கரேரா ஆர்எஸ், 997 ஜிடி3 ஆர்எஸ் இரண்டும் எடை குறைந்த ஒற்றை நிறை ஃப்ளைவீலுடன் தொழிற்சாலையிலிருந்தே வந்தவை. ஐட்லிங்கில் அவை கடகடப்பது கோளாறு இல்லை, அவற்றின் இயல்பு. உங்கள் காரில் முந்தைய உரிமையாளர் லேசான ஃப்ளைவீல் போட்டிருந்தாலும் இதே கதைதான். வாங்கிய காரில் இந்தச் சத்தம் கேட்டால் முதலில் பழைய வேலைச் சீட்டுகளைப் புரட்டுங்கள்.

போர்ஷே 944 இன்னொரு நல்ல உதாரணம். அதன் மூலக் கிளட்ச் பிளேட்டின் நடுவில் உதறலை உள்வாங்க ரப்பர் இருந்தது. வயதாகும்போது அந்த ரப்பர் கிழிந்துவிடும் என்பதால், பலர் ஸ்பிரிங் வைத்த பிளேட்டுக்கு மாறுகிறார்கள். அது நீடித்து உழைக்கும், ஆனால் ஐட்லிங்கில் கியர் சத்தம் கூடும். புதுக் கிளட்ச் போட்டபின் வந்த சத்தம் என்பதால் வேலையில் பிழை என்று நினைத்துவிடக் கூடாது.

அப்படியானால் எப்போது கவலைப்பட வேண்டும்? கடகடப்புக்குப் பதில் சீரான உறுமலோ, வேகத்தோடு சுருதி ஏறும் ஊளையோ கேட்டால் அது இன்புட் ஷாஃப்ட் பேரிங். ஐட்லிங் வேகத்தை 200 சுற்று ஏற்றினால் கியர் கடகடப்பு பெரும்பாலும் கரைந்துவிடும். பேரிங் உறுமல் கரையாது, கூடவே ஏறும். கியர் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். காந்தப் பிளக்கில் பசைபோன்ற நுண்துகள் இருப்பது வழக்கம். செதில் செதிலாக உலோகம் இருந்தால் பேரிங் உரிகிறது என்று பொருள்.

என் கார் இரட்டைப் பிளேட் கிளட்ச். மிதித்தால்தான் கடகடக்கிறது. ரிலீஸ் பேரிங்கை மாற்றியும் போகவில்லை.

அது போகாது, ஏனென்றால் அது ரிலீஸ் பேரிங்கே இல்லை. இரண்டு பிளேட்டுகளுக்கு நடுவே ஓர் இடைத்தட்டு இருக்கிறது. கிளட்சை மிதித்து அழுத்தத்தை விடுவித்ததும், அந்தத் தட்டும் பிளேட்டுகளும் தளர்ந்து, தங்களைப் பிடித்திருக்கும் முளைகளில் மோதிக்கொள்கின்றன. காலை எடுத்ததும் இறுகி அமைதியாகின்றன. ஒற்றை நிறை ஃப்ளைவீலின் கடகடப்புக்கு இது சரியாக எதிர்மாறு என்பதை மனத்தில் வையுங்கள்.

பந்தயக் காரிலிருந்து வந்த அமைப்பு இது. விட்டம் சிறிதாக இருந்தும் அதிக முறுக்குவிசையைத் தாங்கும். போர்ஷே கரேரா ஜிடியின் இரட்டைப் பிளேட் செராமிக் கிளட்சின் விட்டம் 169 மில்லிமீட்டர்தான். அந்தச் சுருக்கத்துக்கு விலையாகச் சில பண்புகளைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். முன்பு இல்லாத அளவுக்குச் சத்தம் கூடியிருந்தாலோ, கியர் விழுவது கடினமாகியிருந்தாலோ மட்டும் முளைகளின் தேய்மானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரட்டை நிறை ஃப்ளைவீல் போய்விட்டது என்று எப்படித் தெரியும்?

இன்ஜினை அணைக்கும் கணத்தைக் கவனியுங்கள். இந்த ஃப்ளைவீலின் இரண்டு நிறைகளுக்கும் நடுவே உள்ள ஸ்பிரிங்குகள் அதிரும் இயல்பான வேகம், ஐட்லிங் வேகத்துக்குக் கீழே இருக்கும்படி அமைக்கப்படுகிறது. அதனால் இன்ஜின் கிளம்பும்போதும் நிற்கும்போதும் மட்டும் அந்த அதிர்வு மண்டலத்தைக் கடந்தாக வேண்டும். ஸ்பிரிங்குகள் தளர்ந்த ஃப்ளைவீல் அந்த இடத்தில்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கும்: அணைத்ததும் டடக் என்று ஓர் உலோக மோதல், சில கார்களில் உடலே குலுங்கும் அளவுக்கு.

உயர்ந்த கியரில் குறைந்த வேகத்திலிருந்து அழுத்தி ஓட்டும்போது கடகடப்பதும் இதன் அடையாளம். கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போது பின் நிறையைக் கையால் இருபுறமும் திருப்பியும், சாய்த்தும் பார்க்கலாம். எவ்வளவு ஆட்டம் அனுமதி என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும். அந்தக் காருக்கான அளவைத் தயாரிப்பாளரின் கையேட்டில் பார்க்காமல் "ஆடுகிறது, மாற்றிவிடலாம்" என்று முடிவெடுப்பது தவறு. கொஞ்சம் ஆடுவதற்காகத்தான் அது இரண்டு துண்டாகச் செய்யப்பட்டிருக்கிறது.

இன்ஜின் ஓடாதபோதும் பெடலை மிதித்தால் கிறீச்சிடுகிறதே?

நல்ல செய்தி. எதுவும் சுழலாதபோது வரும் சத்தம் சுழலும் பேரிங்கினுடையதாக இருக்க முடியாது. பெடலின் புஷ், அதைத் திருப்பி இழுக்கும் ஸ்பிரிங், மாஸ்டர் சிலிண்டரின் தள்ளுகோல், ஃபோர்க்கின் உருண்டை ஆகியவைதான் இதற்குள் வரும். ஒருவர் மிதிக்க, இன்னொருவர் டேஷ்போர்டுக்குக் கீழே தலையை நுழைத்துக் கேட்டால் பாதி கார்களில் விடை அங்கேயே கிடைத்துவிடும்.

கிளம்பும்போது கார் குலுங்குகிறது, கூடவே ஒரு முனகல்.

சிண்டர்டு (தூளை அழுத்திச் சூடாக்கிச் செய்த) உலோகத் துண்டுகள் பதித்த பந்தயக் கிளட்ச் என்றால் அது அப்படித்தான் பிடிக்கும். சாதாரண பிளேட் குலுங்கினால் எண்ணெய் பட்டிருக்கலாம், ஃப்ளைவீல் முகம் அதிகச் சூட்டில் நீலம் பாரித்துக் கடினமாகியிருக்கலாம், அல்லது இன்ஜினைத் தாங்கும் ரப்பரான இன்ஜின் மவுண்ட் கிழிந்திருக்கலாம். மவுண்ட்தான் வெளியிலிருந்தே பார்க்கக் கூடியது. அதை முதலில் பாருங்கள்.

கியர் போடும்போது நறநறவென்று வருகிறது. இதுவும் கிளட்ச் சத்தமா?

கிளட்ச் முழுவதும் விடுபடவில்லை என்பதன் விளைவாக இருக்கலாம். மிதித்து ஐந்து நொடி காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் நறநறத்தால், இன்புட் ஷாஃப்ட் இன்னும் சுழல்கிறது. ஹைட்ராலிக்கில் காற்று, கசியும் சிலிண்டர், இறுகிப்போன பைலட் பேரிங் என்ற வரிசையில் தேடுங்கள். ஒரே ஒரு கியரில் மட்டும், அதுவும் வேகமாக மாற்றும்போது மட்டும் வந்தால் அது கியர்களின் வேகத்தை ஒன்றாக்கும் சின்க்ரோ வளையத்தின் தேய்மானம். கிளட்சைக் குறைசொல்ல வேண்டாம்.

கிளட்ச் சத்தம் போலவே இருந்து ஏமாற்றும் வேறு சத்தங்கள் உண்டா?

உண்டு, அவற்றில் ஒன்று ஆபத்தானது. கிளட்சை மிதிக்கும்போது ரிலீஸ் பேரிங் தரும் அழுத்தம் கிராங்க் ஷாஃப்டையே நீளவாக்கில் தள்ளுகிறது. அதைத் தாங்குவது இன்ஜினுக்குள் இருக்கும் த்ரஸ்ட் பேரிங். அது தேய்ந்திருந்தால், மிதிக்கும்போதெல்லாம் கிராங்க் நகர்ந்து மோதும் சத்தம் வரும், ஐட்லிங் தடுமாறும், சில நேரம் இன்ஜின் அணைந்தே போகும். ஒருவர் பெடலை மிதித்து விடும்போது இன்னொருவர் முன்பக்க கிராங்க் புல்லியைச் சற்று விலகி நின்று பார்க்கட்டும். இன்ஜினை அணைத்தபடியே இதைச் செய்யலாம். கண்ணுக்குத் தெரியும்படி அது முன்னும் பின்னும் நகர்ந்தால், அதற்குமேல் இன்ஜினைக் கிளப்பாதீர்கள். கடினமான பிரஷர் பிளேட் போட்டு மாற்றியமைத்த கார்களில் இதைப் பார்க்காமல் விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கியர்பாக்ஸ் பின்னால் இருக்கும் கார்கள் இன்னொரு வகை. போர்ஷே 944, செவ்ரோலே கார்வெட்டின் ஐந்தாம் தலைமுறை ஆகியவற்றில் கிளட்ச் முன்னால் இன்ஜினோடும், கியர்பாக்ஸ் பின்னால் அச்சோடும் இருக்கும். நடுவே ஒரு நீண்ட குழாய்க்குள் ஷாஃப்ட் ஓடும். அந்தக் குழாயின் பேரிங்குகள் தேய்ந்தால், மிதித்ததும் மறையும் உறுமல் கேட்கும். இன்புட் ஷாஃப்ட் பேரிங் என்றே தோன்றும். மெக்கானிக் ஸ்டெதாஸ்கோப்பைக் குழாயின் மேல் பல இடங்களில் வைத்துக் கேட்டால்தான் வேறுபாடு புலப்படும்.

வெப்பத் தடுப்புத் தகடு தளர்ந்து அதிர்வது, ஃப்ளைவீலைத் தொடும்படி வளைந்த தூசித்தகடு, பெல்ட் புல்லிகள் ஆகியவையும் உண்டு. இன்ஜின் மவுண்ட்டைக் கடினமானதாக மாற்றியிருந்தால், முன்பும் இருந்த சத்தமே இப்போது உள்ளே கேட்கிறது என்பதும் நினைவிருக்கட்டும்.

இரட்டைக் கிளட்ச் தானியங்கி காரில் பெடலே இல்லையே, எப்படிச் சோதிப்பது?

பெடல் இல்லாததால் நிலைகளைப் பிரிக்கும் வாய்ப்பு குறைகிறது. பார்க், நியூட்ரல், டிரைவ் மூன்றிலும் பிரேக்கை மிதித்தபடி ஒலி மாறுகிறதா என்று பாருங்கள். பிறகு கிளட்ச்சுகளின் வெப்பநிலை, அழுத்தம் ஆகியவற்றை ஸ்கேனர் கருவியில் படிக்க வேண்டும். இடத்தையும் கவனியுங்கள். நிசான் ஜிடி-ஆர் ஆர்35 காரில் கிளட்சும் கியர்பாக்ஸும் பின்னால் இருக்கின்றன. ஆனால் அந்த மாடலில் பலரும் கேட்கும் ஐட்லிங் கடகடப்பு முன்னால், ஃப்ளைவீலுக்குப் பின்னாலுள்ள பெல் ஹவுசிங்கின் (ஃப்ளைவீலை மூடும் உலோகக் கூடு) பேரிங்கிலிருந்து வருவது. அதைக் கிளட்ச் என்று எண்ணிப் பின்புறத்தைப் பிரித்தால் எதுவும் கிடைக்காது.

சத்தத்தோடு ஓட்டலாமா?

ஒற்றை நிறை ஃப்ளைவீலின் கடகடப்போடு தாராளமாக ஓட்டலாம். ரிலீஸ் பேரிங் மெல்ல இரைந்தால் வேலைக்கு நாள் குறித்துவிட்டு நிதானமாக ஓட்டலாம். கரகரப்பு தொடங்கிவிட்டால் தள்ளிப்போடக் கூடாது. பேரிங் இறுகினால் டயஃப்ரம் விரல்களை அரைத்து, பிரஷர் பிளேட்டையும் சேர்த்துப் பாழாக்கும். நிசான் 370இசட் போல ரிலீஸ் பேரிங்கும் ஹைட்ராலிக் சிலிண்டரும் ஒரே துண்டாகக் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கார்களில், அது கசிந்தால் பெடல் தரையோடு ஒட்டிக்கொள்ளும். ஓடும் காரில் கிளட்சே இல்லாமல் போகும். பெல் ஹவுசிங்குக்குள் உலோகம் உருளும் சத்தமோ, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டலோ கேட்டால் டிரக்கில் ஏற்றிக் கொண்டுபோங்கள். இன்ஜின் வேகத்தில் சுழலும்போது உடையும் ஃப்ளைவீல் ஹவுசிங்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

பெல் ஹவுசிங்கின் சோதனைத் துளை வழியாகக் கிரீஸ் அல்லது எண்ணெய் அடித்தால் சத்தம் நிற்குமா?

சில நாள் நிற்கலாம். அடித்த எண்ணெயின் ஒரு பகுதி கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் பரப்புக்குப் போகும், அதன்பின் கிளட்ச் வழுக்கும். சத்தத்தை அடக்கப் போய்ப் பிளேட்டை இழப்பீர்கள். செய்யாதீர்கள். இன்ஜின் ஓடும்போது அந்தத் துளைக்குள் விரலையோ கருவியையோ நுழைக்கவும் கூடாது.

கியர்பாக்ஸை இறக்கியாகிவிட்டது. எதையெல்லாம் மாற்றுவது?

சத்தம் போட்ட பேரிங்கை மட்டும் மாற்றி மூடிவிடுவது தவறான சிக்கனம். கூலியோடு ஒப்பிட்டால் பாகங்கள் அற்பம். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், ஃபோர்க் உருண்டை, ரிலீஸ் பேரிங் சறுக்கும் வழிகாட்டிக் குழாய், கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீல் அனைத்தையும் பாருங்கள். ஃப்ளைவீல் போல்ட்டுகள் இறுக்கும்போதே நீண்டுவிடும், ஒருமுறை மட்டும் பயன்படும் வகை என்றால் புதியவைதான் போட வேண்டும். போர்ஷே 986, 996 கார்களின் எம்96 இன்ஜினில், கெட்டுப்போவதற்குப் பேர்போன இடைநிலை ஷாஃப்ட் பேரிங்கை எட்டுவதற்கும் இதுவே தருணம்.

பழைய காரின் கிளட்ச் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக் கூடும். ஈரத் துணியால் துடைத்து, துணியைக் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

எல்லாம் புதிதாகப் போட்டும் சத்தம் வருகிறதே?

பிளேட் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருக்கலாம். ஃப்ளைவீல் பக்கம் எது என்று பிளேட்டிலேயே அச்சிட்டிருக்கும். திருப்பிப் போட்டால் நடுவிலுள்ள ஸ்பிரிங்குகள் ஃப்ளைவீல் போல்ட்டுகளில் உரசும், கிளட்சும் சரியாக விடுபடாது. ஃபோர்க் கிளிப் சரியாக மாட்டாமல் விட்டாலும் முதல் நாளே கீச்சிடும்.

மூன்றாவது காரணம் கிரீஸ். இன்புட் ஷாஃப்ட்டின் பற்களில், விரலால் தடவித் துணியால் துடைத்தபின் மிஞ்சும் பளபளப்பு அளவுக்குத்தான் இருக்க வேண்டும். அதிகம் வைத்தால் சுழற்சியில் சிதறிப் பிளேட்டில் ஒட்டும். அறவே வைக்காவிட்டால் பிளேட் பற்களில் வழுக்காமல் சிக்கி முனகும். வழிகாட்டிக் குழாய் பிளாஸ்டிக் என்றால் தயாரிப்பாளர் சொன்ன கிரீஸ் மட்டுமே. சிலவற்றுக்குக் கிரீஸே கூடாது.

இவை எதுவும் இல்லையென்றால் முதல் சில நூறு கிலோமீட்டர் மிதமாக ஓட்டி, பிளேட்டும் ஃப்ளைவீலும் ஒன்றுக்கொன்று படியவிடுங்கள். அதன்பிறகு மீண்டும் அந்த நான்கு நிலைச் சோதனையைச் செய்து, கேட்டதைக் கைப்பேசியில் பதிவுசெய்து மெக்கானிக்கிடம் கொடுங்கள். ஒவ்வொரு நிலைக்கும் தனிப் பதிவாக, தொடக்கத்தில் "நியூட்ரல், பெடல் மேலே, இன்ஜின் சூடு" என்று உங்கள் குரலிலேயே சொல்லிவிட்டுப் பதிவுசெய்தால் அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.